படிக்கட்டுக்கு வந்த வரன்

உலகத்தில் எந்த மனிதரையும் நடுவழியில் பார்த்துவிடலாம். பாதிக் கோபத்தில் பார்க்கலாம், பாதித் தூக்கத்தில் பார்க்கலாம், சிரிக்கலாமா வேண்டாமா என்று உதடு யோசித்துக்கொண்டிருக்கும்போது பார்க்கலாம். படிக்கட்டை மட்டும் அப்படிப் பார்த்தவர்கள் வடசென்னையிலேயே கிடையாது. ஒன்று இங்கே இருப்பார், இல்லையென்றால் அங்கே இருப்பார். இங்கிருந்து அங்கே போனதை எவரும் கண்டதில்லை.

அப்படிப்பட்டவருக்கு நாற்பது வயதைத் தாண்டி ஒரு வரன் வந்தது. அதை நான் கெடுத்தேன். பகையால் இல்லை. நன்றாகக் கதை சொல்லுவேன் என்ற கர்வத்தால். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வயதில் இதை ஒளித்து வைத்துக்கொண்டு நான் எங்கே போகப் போகிறேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் திருவொற்றியூரில் ஒரு வார்ப்பட ஆலையில் நான் பர்சனல் ஆபீசராக இருந்தேன். படித்தது பொருளாதாரம். லீவு கொடுப்பதும், அடித்துக்கொண்ட இருவரை உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்துச் சமாதானம் பேசுவதும் என் வேலை. படிக்கட்டு எங்கள் பரிசோதனைக்கூடத்தில் இருந்தார். கொருக்குப்பேட்டையில் ரயில் தண்டவாளத்தை ஒட்டிய சந்தில் பிறந்தவர். இயற்பியலில் எம்.எஸ்ஸி. ஆனால் அந்தப் படிப்பு அவர் நாக்கைத் தொடவே இல்லை. குவாண்டம் இயற்பியலையும் கொருக்குப்பேட்டைத் தமிழில்தான் பேசுவார். 'படிக்கட்டு' என்பது உலையில் வேலை செய்தவர்கள் வைத்த பெயர். சம்பளப் பட்டியலில் இருந்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார்.

துறைமுகத்துப் பக்கத்திலிருந்து லாரி லாரியாகப் பழைய இரும்பு வரும். எதில் குரோமியம் இருக்கிறது, எதில் நிக்கல் இருக்கிறது என்று பார்த்துப் பிரித்தால்தான் உலையில் போட முடியும். அதற்காகக் கறுப்புத் திரை போட்ட ஒரு சின்ன அறை. இரும்புத் துண்டைக் கருவியில் வைத்து மின்பொறியை மூட்டி, அந்த வெளிச்சத்தை ஒரு குழாய் வழியாகப் பார்த்து, இது இன்னது என்று சொல்லுவார். நான் வேலைக்குச் சேர்ந்த வாரம் என்னையும் உள்ளே இழுத்துக்கொண்டு போனார்.

"இன்னா சார் தெரிது?"

"கோடு கோடாகத் தெரியுது. பச்சை, நீலம். நடுநடுவே இருட்டு."

"அந்த இருட்டுதான் சார் மேட்டரு."

பிறகு விளக்கினார். "உலையில பழுத்த இரும்பு இருக்குது பாரு, அத்த இதுல பாத்தா வானவில்லு மாதிரி எல்லா கலரும் ஒண்ணோட ஒண்ணு இழைஞ்சிகினு கெடக்கும். இடைவெளியே இருக்காது. அது கூட்டம் சார். கூட்டத்துல எவன் எங்க நிக்கிறான்னு கண்டுபுடிக்க முடியாது. இங்க அணுவ ஆவியாக்கி தனித்தனியா உட்டுகீறோம். ஒரு அணுவுக்குள்ள மாட்டிகினு கீற எலக்ட்ரானுக்கு படி கீது. மொத படி, ரெண்டாம் படி, அப்பால அடுத்த படி. நடுவுல நிக்கவே முடியாது."

"கொஞ்ச நேரம்கூடவா?"

"நம்ம கேண்டீனு மாடிப்படியில ஒண்ணரையாவது படியில நீ நிப்பியா? அப்டித்தான். மேல இருந்து கீழ ஒரே தாவு. தாவும்போது ஒரு வெளிச்சத்த உட்டுட்டு வரும். அதான் நீ பாத்த கோடு. இரும்புக்கு அதோட படி வேற, குரோமியத்துக்கு வேற. அதனால கோடும் வேற. எவனும் ஏமாத்த முடியாது."

இதைச் சொல்லித்தந்த பலரும் இதைப் பாடமாக வைத்துக்கொண்டு பிழைத்திருக்கிறார்கள். படிக்கட்டு இதை நடத்தையாக வைத்துக்கொண்டார்.

பரிசோதனைக்கூடத்துக்குப் புது மின்விசிறி ரெகுலேட்டர் வந்தது. திருகினால் வழுக்கிக்கொண்டே போகும், எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாம். மறுநாளே அதைக் கழற்றி என் மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார். "ஈர சோப்பு மாதிரி நழுவுது சார். டக்கு டக்குனு உழற பழைய பொட்டிய மாட்டச் சொல்லு. காத்து எந்தப் படியில வருதுன்னு எனக்குத் தெரியணும்."

கேண்டீனில் பரிமாறிய சரோஜாக்காவுக்கும் அவருக்கும் தினமும் வழக்கு.

"கொஞ்சம் சாம்பார் ஊத்தவா?"

"கொஞ்சம்னா இன்னா? ஒரு கரண்டியா, ரெண்டு கரண்டியா?"

"ஒண்ணரை கரண்டி ஊத்தி உன்ன சாவடிக்கிறேன் பாரு" என்று சரோஜாக்கா கரண்டியைத் தூக்குவார். படிக்கட்டு தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்துவிடுவார். அவருக்காகவே ஒரு கரண்டியைத் தனியாக வைத்திருந்தார் அந்த அம்மாள். வேறு யாருக்கும் அதில் ஊற்ற மாட்டார். கேட்டால், "அந்த ஆளு வயிறு பேஜாராயிடும் நைனா" என்பார்.

அவருடைய கோபம் தனிக் கதை. பர்ச்சேஸ் மேனேஜர் ஒருவர் இருந்தார். படிக்கட்டைச் சீண்டுவதுதான் அவருக்குப் பொழுதுபோக்கு. தலைமுடியைச் சொல்லிக் கிண்டல் செய்வார், சட்டையைச் சொல்லுவார், கல்யாணம் ஆகாததைச் சொல்லுவார். படிக்கட்டிடம் ஒரு அசைவும் இருக்காது. சின்னச் சின்ன அடியாக நாள் முழுக்க அடித்தாலும் எலக்ட்ரான் நகராது, சரியான அடி ஒன்று விழ வேண்டும் என்று அவரே எனக்குச் சொல்லியிருந்தார். அந்த அடியை மேனேஜர் ஒருநாள் தெரியாமல் அடித்துவிட்டார். ஏதோ அவசரத்தில், "ஏறக்குறைய நிக்கல் மாதிரிதான் இருக்கு, அப்படியே எழுதிக் கொடுங்களேன்" என்றார்.

அடுத்த கணம் படிக்கட்டு மேஜைமேல் நின்றுகொண்டிருந்தார். நாற்காலியிலிருந்து எழுந்ததை நாங்கள் யாரும் பார்க்கவில்லை.

"ஏறக்குறையவா? நீ ஏறக்குறைய மேனேஜரா? உனுக்கு ஏறக்குறைய ரெண்டு காலா? வூட்டுல கீறது ஏறக்குறைய உம் பொண்டாட்டியா?"

எண்ணூர்வரை கேட்டிருக்கும். மேனேஜர் கதவோடு ஒட்டிக்கொண்டார். நான் சமாதானம் பேச வாயைத் திறப்பதற்குள் படிக்கட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இறங்கியதையும் நாங்கள் பார்க்கவில்லை. முகத்தில் கோபத்தின் மிச்சம் துளிகூட இல்லை. மாறாக ஒரு வெளிச்சம். மேனேஜரைப் பக்கத்தில் உட்கார வைத்து, மசால் வடை வரவழைத்து, அவர் சட்டையில் ஒட்டியிருந்த சுவர்ச் சுண்ணாம்பைத் தன் கைக்குட்டையால் தட்டிவிட்டார். அதன் பிறகு அந்தப் பேச்சை அவர் எடுத்ததே இல்லை. மேனேஜருக்குத்தான் அன்றைக்கு வடை இறங்கவில்லை.

இனி வரன்.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் காசிமேட்டுக்குப் போவார் படிக்கட்டு. மீன் வாங்க இல்லை, ஏலம் பார்க்க. அங்கே தேவகி என்றொரு பெண் மீன் ஏலம் விட்டுக்கொண்டிருந்தார். ராயபுரத்து மீனவக் குடும்பம். தங்கைகளுக்குக் கல்யாணம் செய்து வைப்பதற்குள் தன் வயது முப்பத்தைந்தைத் தாண்டிவிட்டது. அவர் விலை கூவினால் அது படி படியாக ஏறும், நடுவில் எவராவது நுழைந்து "கொஞ்சம் சேத்துக் குடுக்கிறேன்" என்று இழுத்தால் கூடையை அடுத்தவருக்குத் தள்ளிவிடுவார். படிக்கட்டு வாயைப் பிளந்துகொண்டு நிற்பார். பல மாதம் நின்றார். பிறகு ஒரு ஞாயிறு, கூடைகளைத் தாண்டிப் போய், "என்ன கட்டிக்கிறியா?" என்று கேட்டுவிட்டார்.

தேவகி, "அண்ணன் வந்து விசாரிக்கட்டும்" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த கூடைக்கு விலை கூவினாராம்.

அண்ணன் ஏகாம்பரம் வந்தார். விசைப்படகு ஓட்டுகிறவர். கதவை அடைத்துக்கொண்டு நிற்கிற உருவம். மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்க ஆலைகளுக்கு வருகிறவர்கள் நேராக பர்சனல் ஆபீசரிடம்தான் வருவார்கள். நாங்கள் வழக்கமாக, "நல்ல பையன், கெட்ட பழக்கம் இல்லை, வேலை நிரந்தரம்" என்று ஒரே பாட்டைப் பாடி அனுப்புவோம். அன்றைக்கும் அதைப் பாடியிருக்கலாம்.

"ஆளு எப்டி சார்? குடி கிடி?"

"தொடவே மாட்டார்."

"கோவம் கீவம்?"

அந்தக் கேள்வியில் நான் விழுந்தேன். மேஜைக் கதையை ஆரம்பித்தேன். ஏகாம்பரம் சிரிக்கத் தொடங்கினார். எனக்குச் சூடு பிடித்தது. கைகளை விரித்து, குரலை மாற்றி, "ஏறக்குறைய உம் பொண்டாட்டியா" என்று நான் கத்தியபோது அந்தப் பெரிய உடம்பு குலுங்கி, நாற்காலி முனகி, அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அங்கே நிறுத்திவிட்டேன். சிரிப்பு உச்சத்தில் இருக்கும்போது நிறுத்திவிட வேண்டும் என்பது கதை சொல்கிறவர்களுக்குத் தெரியும். ஏறினதைச் சொன்னேன். இறங்கினதைச் சொல்லவில்லை. வடை, கைக்குட்டை, முகத்தில் வந்த வெளிச்சம் ஒன்றையும் சொல்லவில்லை.

"தமாஷான ஆளு நீ" என்று என் தோளைத் தட்டிவிட்டுப் போனார் ஏகாம்பரம். வரன் கூடிவிட்டது என்றே நினைத்தேன். அந்த வாரமே சொல்லி அனுப்பிவிட்டார்: எப்போது மேஜைமேல் ஏறுவான் என்று தெரியாத ஆளுக்குப் பெண் கொடுப்பதாக இல்லை.

படிக்கட்டு என் அறைக்கு வந்தார். "இன்னா சார் சொன்ன அவராண்ட?"

"ஒண்ணுமில்லை. ஏதோ, கொஞ்சம் தமாஷாக..."

"கொஞ்சமா?" என்றார்.

மேஜைமேல் ஏறியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். ஏறவில்லை. ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு மெதுவாகப் பேசினார். "எலக்ட்ரானு எங்கியும் மாட்டாம வெளிய சுத்திகினு இருந்தா அதுக்குப் படியே கெடையாது சார். சக்தி எவ்ளோ வேணா வச்சிக்கலாம், எங்க வேணா நிக்கலாம். ஒரு எடத்துல மாட்டினாத்தான் படி. நான் எங்கியும் மாட்டாம, ஒண்டிக்கட்டையா சுத்திகினு, படி மட்டும் வச்சிகினு கீறேன். தப்புக் கணக்கு சார். அதான் எல்லாரும் சிரிக்கிறாங்க."

மறுநாளிலிருந்து அவர் திருந்த ஆரம்பித்தார். அதைப் போல ஒரு துன்பத்தை அந்த ஆலை அனுபவித்ததில்லை.

சிரிப்பை உதட்டோரத்தில் தொடங்கி மெல்ல மெல்லப் பரப்பிக்கொண்டு வருவார். நடுவில் அது நின்றுபோய், பல்வலிக்காரர்போல நிற்பார். "நல்லா கீறியா?" என்று கேட்டால் "ஒரு மாதிரி, பரவால்ல, இப்டியும் அப்டியுமா" என்பார். வழுக்குகிற ரெகுலேட்டரைத் தானே கேட்டு வாங்கி மாட்டிக்கொண்டு, நாள் முழுக்க அதைத் திருகிக்கொண்டே இருந்தார். சரோஜாக்கா ஒருநாள் மத்தியானம் கண் கலங்க என் அறைக்கு வந்துவிட்டார்.

"சார், அவரு 'கொஞ்சம் ஊத்து'ன்னாரு சார்."

"ஊற்ற வேண்டியதுதானே அக்கா."

"கை வர்ல சார். அந்த மனுசன் வாயில அந்த வார்த்த வர்லாமா? எனக்கு பயமா கீது. நீதான் ஏதோ பண்ணிட்டன்னு எல்லாரும் பேசிக்கிறாங்க."

அதற்கு அடுத்த வாரம் உலை ஃபோர்மேன் ஒரு காகிதத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். "சார், குரோமியம் ஏறக்குறைய இருக்கலாம்னு எழுதிக் குடுத்துகீறாரு. இத்த வச்சிகினு நான் உலைய மூட்டறதா, வூட்டுக்குப் போறதா?"

தேவகியைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று முதல் நாளே எனக்குத் தெரியும். ஆனால் நான் வழுக்குகிற ஜாதி. நாளைக்குப் போகலாம் என்பேன், மழை வரும்போல இருக்கிறது என்பேன், அவர்களாகவே மனம் மாறட்டும் என்பேன். பாதி வருத்தத்தில் நாட்களை ஓட்டினேன். அந்தக் காகிதத்தைப் பார்த்த பிறகுதான் காசிமேட்டுக்குப் பஸ் ஏறினேன்.

காலை ஏலம் உச்சத்தில் இருந்தது. தேவகி என் முகத்தைப் பார்ப்பதற்காகக் கூட்டத்தில் எட்டிப் பார்த்துத் தலையை ஆட்டினேன். அவரும் பார்த்தார். ஒரு கூடை காரப்பொடி மீன் என் காலடிக்கு வந்து சேர்ந்தது.

"நான் மீன் வாங்க வரலைம்மா."

"தலைய ஆட்னீல்ல? எடு சார். ஆட்டிட்டு அப்பால வேணாம்னா எப்டி?"

எடுத்துக்கொண்டேன். ஏலம் முடியும்வரை கூடையோடு நின்றேன். கூட்டம் கலைந்ததும், நான் யார், என்ன செய்தேன் என்று எதையும் மெழுகாமல் சொன்னேன். அண்ணனிடம் சொன்ன கதை உண்மைதான், ஆனால் பாதிதான் சொன்னேன் என்று சொல்லி, மீதியையும் சொன்னேன்.

தேவகி கையைக் கழுவிக்கொண்டே கேட்டார். "அவருக்கு ஏறின கோவம் எறங்க எவ்ளோ நேரம் ஆவும்?"

"நேரமே ஆகாதும்மா. ஏறின மாதிரியே ஒரே தாவு. மிச்சம் வைக்கத் தெரியாது."

அவர் கழுவுவதை நிறுத்தினார். "எங்க வூட்டு ஆம்பளைங்களுக்கு காலைல வர்ற கோவம் ராத்திரி சோறு வரைக்கும் இழுத்துகினு கெடக்கும். அப்பால அடுத்த நாளு அதுல தண்ணி ஊத்தி குடிப்பாங்க. மேல ஏறினா உடனே கீழ எறங்கிட்டு வட வாங்கித் தர்ற ஆளா? இத்த ஏன் சார் அண்ணனாண்ட சொல்லல?"

"சிரிப்பு கெட்டுவிடுமே என்றுதான் சொல்லவில்லை."

அவர் என்னைத் திட்டவில்லை. "நான் வேணான்னு சொல்லல சார். என்ன யாரு கேட்டா? ஞாயித்துக்கெழம அவர வூட்டுக்கு இட்டுகினு வா. அண்ணனாண்ட நீயே உன் வாயால சொல்லு."

ஞாயிறு போனோம். படிக்கட்டு வழியெல்லாம் பயிற்சி செய்துகொண்டு வந்தார். "பதமா பேசணும் சார். மெல்ல மெல்ல. சரியா?" இனி அவருக்கு எதையும் சொல்லித்தருகிற யோக்கியதை எனக்கு இல்லை என்று முடிவு செய்திருந்தேன்.

ஏகாம்பரத்தின் முன்னால் உட்கார்ந்து, நான் நிறுத்திய இடத்திலிருந்து கதையைத் தொடர்ந்தேன். இந்த முறை அவர் சிரிக்கவில்லை. அந்தப் பாதியில் சிரிக்க ஒன்றும் இல்லை. டீயைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். முடித்ததும், "இத்தயே அன்னிக்கு சொல்லிருந்தா நான் எதுக்கு சார் வேணான்னு சொல்லப்போறேன்?" என்றார். அவர் படிக்கட்டின் பக்கம் திரும்பினார்.

"சரி, நீ சொல்லு. என் தங்கச்சிய கட்டிக்கிறியா?"

படிக்கட்டு சிரிப்பை உதட்டோரத்தில் தொடங்கினார். "அது வந்துங்க, ஒரு மாதிரி, போகப்போக, பாக்கலாங்க..."

ஏகாம்பரத்தின் புருவம் நெருங்கியது. வாசல் வரை வந்த வரன் இரண்டாம் முறையும் போகப்போகிறது, அதுவும் நான் போட்ட பழியைத் துடைக்க அவர் கற்றுக்கொண்ட பேச்சாலேயே போகப்போகிறது. உள்ளேயிருந்து தேவகி வந்தார். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு படிக்கட்டுக்கு நேராக நின்றார்.

"பாக்கலாம்னு ஏலத்துல ஒரு வெல கெடையாது. வேணுமா, வேணாவா? கூடைய தூக்கிடுவேன்."

படிக்கட்டு நின்றுகொண்டிருந்தார். எழுந்ததை யாரும் பார்க்கவில்லை.

"வேணும்."

அந்தக் குரலில் ஏகாம்பரத்தின் டீ அவர் வேட்டியில் கொட்டியது. சுடுகிறது என்றுகூட உணராமல் அவர் நிமிர்ந்து பார்த்தார். அதற்குள் படிக்கட்டு அவர் காலடியில் உட்கார்ந்து, கைக்குட்டையால் வேட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். முகமெல்லாம் வெளிச்சம். நான் வாயால் சொன்னதை அந்த வீட்டார் கண்ணால் பார்த்துவிட்டார்கள்.

"தேவகி, கூடைய தூக்க வேணாம். வையி" என்றார் ஏகாம்பரம்.

ராயபுரத்தில் கல்யாணம். மாப்பிள்ளைத் தோழனாக யாராவது ஒரு வாலிபப் பையனை நிறுத்துவார்கள். படிக்கட்டு என்னைத்தான் நிறுத்த வேண்டும் என்று பிடிவாதம் செய்தார். அவரைவிடப் பத்து வயது மூத்தவன், வழுக்கைத் தலையன், நெற்றியில் சந்தனத்தோடு, கழுத்தில் மாலையோடு நின்றேன். ஆலையே வந்து சிரித்தது. சரோஜாக்கா பந்தலின் முன்வரிசையில் உட்கார்ந்து, "மாப்ள யாரு, தோழன் யாரு, எவனுக்கு எவன்டா தாத்தா?" என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி கேட்டுக்கொண்டிருந்தார். பர்ச்சேஸ் மேனேஜர்கூட வந்திருந்தார், மேடைக்கு எட்டாத தூரத்தில்.

வழக்கப்படி மாப்பிள்ளையின் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனேன். அவர் என் விரல்களை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"உட்டுடாத சார்" என்றார், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

நான் விடவில்லை. மேளம் கொட்டியதும், எல்லாரும் அரிசியை எடுத்துக்கொண்டு எழுந்ததும் எனக்குத் தெரியவில்லை. தாலியை எடுத்துக் கொடுத்த பெரியவர் காத்திருந்து பார்த்துவிட்டு, "சார், அவரு கைய வுடு, தாலி கட்ட வேணாவா" என்று சொன்ன பிறகுதான் விட்டேன்.